நாளைய தேதி போட்ட போஸ்டர்

சிவகாசி, மே 2008, செவ்வாய் இரவு

காலையில் கட்சிக்காரர் ராசு எங்கள் அச்சகத்தில் ஒரு போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தார். “நம் அணி ஒரு ரன்னில் தோற்றது எப்படி? கிரிக்கெட் மோசடியை எங்கள் எம்.பி. விசாரிப்பார்!” தேதி நாளையது.

“ஆட்டமே இன்னைக்குச் சாயங்காலந்தானே, அண்ணாச்சி?”

“அடிச்சு வைங்க தம்பி” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து டி.வி.யில் பார்த்தேன். ஒரே ரன்னில்தான் தோற்றார்கள். என் நகக்கண்ணில் அந்தப் போஸ்டரின் சிவப்பு மை இன்னும் போகவில்லை.

கிரிக்கெட் மோசடியை யாராவது விசாரிக்க வேண்டும் என்று இத்தனை நாளாக நானும்தான் கத்திக்கொண்டிருந்தேன். விசாரிக்கப்போவது இவர்களா?

பொறுக்காமல் ராசுவுக்குப் போன் போட்டு, “முன்னாடியே எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மறுமுனையில் அதே சிரிப்பு.

“கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்னு ரெடி பண்ணி வைங்க தம்பி. பேரைக் காலையில வந்து சொல்றேன்.”