உலையில் வெந்த பென் டிரைவ்

ஏங்க,

அம்மாவைப் பார்க்கத் திருச்செந்தூர் கிளம்புகிறேன். சாளைமீன் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. சோறு நீங்கள்தான் வடிக்க வேண்டும். ஏனென்றால், உப்புக்காற்றுக்குப் பயந்து அரிசி டப்பாவில் நீங்கள் புதைத்து வைத்த பென் டிரைவை அரிசியோடு அள்ளி உலையில் போட்டுவிட்டேன். காயவைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டேன்.

பதறாதீர்கள். தருவைகுளம் கல்யாணப் படம் ஒன்றுகூடப் போகவில்லை. இணையத்தில் ஏற்றி வைப்போம் என்று நான் சொன்னதற்கு, "ஊரான் வீட்டுப் படத்த முகந்தெரியாதவன்ட்ட குடுத்து வைக்கச் சொல்லுதியா?" என்று சண்டை போட்டீர்களே, அன்றைக்கே எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். நம் இருவரைத் தவிர யாராலும் திறக்க முடியாது. நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரைப் போல இது உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போகாது.

சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் அப்பா ஆல்பத்துக்குப் படம் பார்க்க வருகிறார். காப்பி போட்டுக் கொடுங்கள். பாஸ்வேர்டை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

அனுசியா

பின்குறிப்பு: பாஸ்வேர்டு மட்டும் போதாது. திறக்கும்போது என் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை என்னிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சண்டை போட்ட அன்றிலிருந்து என்னோடு பேசாமல் இருக்கிறீர்களே, இன்றைக்கு எப்படிப் பேசாமல் இருப்பீர்கள் என்று பார்க்கிறேன்.