தொட்டிக்கு வாங்கிய புளி

மச்சான்,

இன்று காலை மனைவி குழம்புக்குப் புளி ஊறப்போட்டாள். வெந்நீர் பட்டதும் அந்த மணம் கிளம்பி முன்னறைவரை வந்துவிட்டது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்வளவில் போய் நின்றேன். "என்னப்பா, இந்தக் குளிருக்குள்ள அங்க என்ன செய்யிறியள்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். காற்று வாங்குவதாகச் சொன்னேன். பெப்ரவரி மாதத்து லண்டன் நோர்பரியில் காற்று வாங்குகிற மனிதனை அவள் நம்பியிருக்க மாட்டாள். நீ கண்ணை மூடி இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். உன் தங்கச்சியின் கலியாணப் பேச்சு எப்படிக் குழம்பியது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு அது தெரியும் என்று நீ நினைத்திருந்தாய். உனக்குத் தெரிந்தது சரியில்லை.

எண்பதுகளின் நடுவில், லண்டனுக்கு வந்து ஒரே அறையில் இருந்த நாம் இருவரும் அந்த மோட்டார் ஹோம் யார்ட்டில் சேர்ந்தோம். ரெயில் பாதையோரம் தகர வேலி, உள்ளே வரிசையாக வண்டிகள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய அமெரிக்க வண்டிகள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் இரண்டு கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து என்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்கள் ஊர் சுற்றியதில் மிஞ்சியதெல்லாம் வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகளில் கிடக்கும். ஒன்றில் குளித்த, கோப்பை கழுவிய தண்ணீர். மற்றது கக்கூஸ் தொட்டி. அவற்றைத் திறந்துவிட்டுக் கழுவுவதுதான் நமக்குக் கிடைத்த வேலை. நீ யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். நான் கூட்டுறவுக் கடையொன்றில் மனேஜராக இருந்து நாலு பேரை வெருட்டியவன். முதல் நாள் நெளிகுழாயைப் பூட்டி வால்வை இழுத்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிவரை ஓடினேன். நீ அசையாமல் நின்றாய். "எங்கட லாப்பில இதைவிட மோசமா மணக்கும், வா," என்றாய்.

எனக்கு அது சம்பளத்துக்கான வேலை. நீ அதைப் பரிசோதனையாக்கிவிட்டாய். வண்டிக்குள் அடுப்புக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருக்கும். பொத்தானை அமத்தினால் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று விளக்கு எரியும்: வெறுமை, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு. தொட்டிச் சுவரில் மேலும் கீழுமாகப் பதித்த, ஆணித்தலை அளவான உலோக முனைகள்தான் அதைச் சொல்வது. தண்ணீர் அந்த முனையைத் தொட்டால் விளக்கு எரியும். நம்முடைய தலைவலி என்னவென்றால், தொட்டியை மூன்று தரம் கழுவி ஊற்றிய பிறகும் மூன்றில் இரண்டு என்று எரிந்துகொண்டே நிற்கும். யாரோ கழித்ததோடு வண்டியைத் தந்துவிட்டீர்கள் என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். முதலாளி நம்மீது பாய்வார். அந்த விளக்கின் கம்பியை அறுத்துவிடலாம் என்பதே என் யோசனை. நீ கக்கூஸ் பீடத்தையே கழற்றி வைத்துவிட்டு, டோர்ச் அடித்து, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தாய். முனைகளில் கடதாசித் துண்டுகள் சிக்கியிருந்தன. அவற்றின்மேல் கொழுப்பு. எல்லாவற்றையும் மூடி வெள்ளையாக ஒரு படிவு.

"மேல கிடக்கிறது சுண்ணாம்பு மச்சான். எங்கட கேத்திலுக்குள்ள இருக்கிற அதேதான். லண்டன் தண்ணி," என்றாய்.

முதலாளி தந்த அசிட் சுண்ணாம்போடு வால்வின் ரப்பரையும் தின்றது. வினாகிரி சுவரில் நிற்காமல் வடிந்துபோனது. பிறகு ஒருநாள் குத்துவிளக்குத் துலக்குகிற புளி உனக்கு ஞாபகம் வந்தது. களியாகக் கரைத்துக்கொண்டு வந்து, நீளக் கையுறையை மாட்டி, முழங்கைக்கு மேலும் கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு முனையிலும் அப்பிவிட்டாய். மறுநாள் சவர்க்காரத் தண்ணீரை அரைத் தொட்டிக்கு நிரப்பி, சுவரை உரசித் தேய்க்க இரண்டு வாளி ஐஸ் கட்டி போட்டு, யார்ட்டைச் சுற்றிச் சுற்றி வண்டியை ஓட்டினோம். வளைவுகளில் ஐஸ் அடியில் கடகடவென்று உருண்டது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திறந்துவிட்டு வந்து நீ பொத்தானை அமத்தினாய். வெறுமை என்ற விளக்கு மட்டும் எரிந்தது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை. கழுவிய தொட்டியைக் காயவிடவும் நீ சம்மதிக்கவில்லை. அரை வாளித் தண்ணீரும் நாற்றம் அடக்குகிற நீல மருந்தும் ஊற்றித்தான் மூட வேண்டும். "தண்ணி காணாட்டித்தான் எல்லாம் ஒட்டும்," என்பாய். இன்றும் யார்ட்டில் நான் அப்படியே செய்கிறேன்.

ஆனால் அறைக்கு வந்துவிட்டால் அந்த வேலையைப் பற்றி நீ மூச்சு விடமாட்டாய். ஊருக்குப் போகும் கடிதங்களில் நீ வாகனப் பகுதியில் டெக்னீஷியன். தாயும் தகப்பனும் இல்லாத உன் தங்கச்சி ஒரு மாமா வீட்டில் இருந்தாள். ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். அவளை அங்கிருந்து எடுக்க உனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: லண்டனில் ஒரு மாப்பிள்ளை. கிங்ஸ்பரியில் அப்படியொன்று சரிவந்தது. சாதகம் பொருந்தியது, படம் பிடித்திருந்தது, பெடியனின் பெரியம்மா முன்னுக்கு நின்று பேசினா. நீ போய் முகம் காட்டி நாள் குறிப்பதுதான் மிச்சம்.

"ஒருத்தரிட்டையும் எங்கட வேலையைச் சொல்லிப்போடாதை மச்சான்," என்றாய். "கக்கூஸ் கழுவிறவன்ர தங்கச்சி எண்டு தெரிஞ்சா எங்கட சனம் அந்த வாசல்ல நிப்பினமோ?"

"நான் என்ன விசரனே சொல்ல?" என்று கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நீ ஓவர்டைம் நின்றாய். புளி வாங்க நான் போனேன். நம்முடைய தமிழ்க் கடையில் சனிக்கிழமைக் கூட்டம், உனக்குத் தெரியும். கடைக்கார அக்கா நான் அடுக்கிய கட்டிகளைப் பார்த்து, "தம்பி, ரெண்டு பெடியள் இருக்கிற அறைக்கு எதுக்கு இவ்வளவு புளி?" என்று கேட்டா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவு போதும் எனக்கு. ஆட்கள் சிரித்தால் என் வாய்க்குக் கால் முளைத்துவிடும்.

"இது ரசத்துக்கில்லை அக்கா, வெள்ளைக்காரன்ர கக்கூஸ் தொட்டிக்கு," என்றேன். "என்ர கூட்டாளி ஒருத்தர் இருக்கிறார். தோள்மூட்டுவரைக்கும் கையை விட்டுத் தேய்ப்பார். லாப்பில வேலை செய்த மூளையெல்லோ!"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் அதே தொட்டிகளைக் கழுவுகிறவன் என்று சொல்லவில்லை, மச்சான். உன்னை மட்டும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா வலது கையில் மாவுக்கட்டோடு நின்றா. அரிசிப் பையைத் தூக்க முடியாமல் நின்றாவென்று நானே அதைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். போகிற வழியில் மெதுவாகக் கேட்டா: "ஆர் தம்பி உம்மட கூட்டாளி? எந்தப் பக்கம்?" நம் சனம் நாலு பேர் சந்தித்தால் கேட்கிற வழமையான கேள்வி. நானும் வழமைப்படி உன் ஊரைச் சொன்னேன், தகப்பன் பெயரைச் சொன்னேன், எந்தக் கல்லூரியில் வேலை பார்த்தாய் என்பதைக்கூடச் சொன்னேன். "ஓ," என்றா. பையை டிக்கியில் வைத்ததற்கு நன்றி சொன்னா. நான் விசிலடித்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நீ கிங்ஸ்பரிக்குப் போனாய். இரண்டு தரம் முழுகி, புதுச் சேர்ட் போட்டு, என் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனாய். பின்னேரம் திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தாய். சாதகத்தை வேறொரு சாத்திரியாரிடம் காட்டினார்களாம், பொருத்தமில்லையாம்.

"அது சாட்டு மச்சான்," என்றாய். "நான் போய் இருந்த உடன அந்தப் பெரியம்மா எழும்பிப் போய் சன்னலைத் திறந்தவ. இந்தக் குளிருக்குள்ள. என்னில மணந்திருக்கு."

"சும்மா விசர்க் கதை கதையாதை," என்றேன்.

"இல்லை, பாவம், அவவுக்கு ஒரு கை ஏலாது, மாவுக்கட்டு. மற்றக் கையாலதான் சன்னலைத் தள்ளித் திறந்தவ. அந்தளவுக்கு மணந்திருக்கு."

நான் அரிசிப் பை தூக்கிக் கொடுத்த அதே அம்மா. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தேன், சத்தியமாக வாயெடுத்தேன். நீ உன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "மணக்குதோ, பார்," என்றாய். நான் மணந்து பார்த்துவிட்டு, "இல்லை," என்றேன். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

அதிலிருந்து தொடங்கியது உன் கழுவல். முதலில் யார்ட்டில், பிறகு அறையில், பிறகு எங்கே குழாயைக் கண்டாலும். நீ யார்ட்டை விட்டுப் பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. உன் விரல்களின் தோல் உரிந்து, வெடித்து, மாரியில் இரத்தம் கசியும். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாய், தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று பார்த்தாய். "தூக்கடா," என்றேன். "வேண்டாம், குழந்தைப் பிள்ளை," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நீ அவளை ஒருநாளும் தூக்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலில் வைத்தே கேட்பாய்: "மணக்குதோ?" ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்பேன். சில நாள் எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன். குற்றம் செய்தவனுக்கு வருகிற எரிச்சல் அது, உன்மீது கொட்டினேன்.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் இருக்கவில்லை. முதல் வருடம் நீ என்னை அடிப்பாய் என்று பயந்தேன். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் உன் தங்கச்சி இடம்பெயர்ந்து, கொழும்பில் கிடந்து, எப்படியோ உன்னிடம் வந்து சேர்ந்தபோது இனி எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தேன். பிளேஸ்டோவில் வீடெடுத்து அவளோடு இருந்தாய். அவளுக்கு வந்த கலியாணப் பேச்சுக்கால் ஒன்றுக்கும் நீ நேரில் போகவில்லை. உன்னை அந்த வீடுகளுக்குள் விட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன்காரன் ஏன் முகம் காட்டவில்லை என்று அவர்கள் ஐமிச்சப்பட்டு ஒவ்வொன்றாக விலகினார்கள். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

பிறகு உன் நெஞ்சு திடீரென்று நின்றது. இறுதிச் சடங்கில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். உன் கைகளை மார்பில் சேர்த்து வைத்து, மேலே பூப் போட்டிருந்தார்கள், தோல் தெரியாமல் இருக்கத்தான் போல. நான் பூவை விலக்கிக் குனிந்து உன் கையை மணந்தேன். நான் கொஞ்சி அழுகிறேன் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டினார்கள். உன் கையில் சவர்க்காரம்தான் மணந்தது, மச்சான். அன்றிலிருந்து யார்ட்டில் வண்டிக்குள் தனியாக நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் நீ கையை நீட்டிக்கொண்டு நிற்பதாகவே இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். பட்டப்பகலில், யாருமில்லாத வண்டிக்குள், "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

முப்பத்தொராம் நாள் உன் அந்தியேட்டிக்குப் பிளேஸ்டோவுக்குப் போனேன். படைத்து முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் தங்கச்சி எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அண்ணை, உங்களுக்குத்தான் அவரை இங்க வந்த காலத்திலயிருந்து தெரியும். ஏன் அப்பிடிக் கழுவினவர்? நான் எத்தினையோ தரம் கேட்டுப்பாத்தன், சொல்லேல்லை."

நான் அவளுக்குச் சொன்னேன். கடை, புளி, மாவுக்கட்டு, அரிசிப் பை, நான் சொன்ன ஊர்ப் பெயர், ஒன்றையும் விடவில்லை. "உன்ர கலியாணத்தைக் கெடுத்தவன் நான்தான் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, அவள் பேசப் போவதை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

"என்ர கலியாணம் கிடக்கட்டும் அண்ணை," என்றாள். "இவ்வளவு வருசமும் அவர் உங்களிட்டையெல்லே கையை நீட்டினவர். ஒருக்காச் சொல்லியிருந்தா அவர் கழுவிறதை விட்டிருப்பார்."

அழவில்லை, ஏசவில்லை. எழுந்து போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஏழு நாளாக அவள் சொன்னதையே சுமந்துகொண்டு திரிகிறேன். நீ அடித்திருப்பாயோ, ஏசியிருப்பாயோ, மன்னித்திருப்பாயோ என்று மட்டுமே நான் இத்தனை காலம் யோசித்தேன். உன் கை ஆறியிருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது மிகச் சின்ன வசனம். பதினொரு வருடம் என் வாயில் வராதது. மச்சான், கடையில நான்தான் சொன்னனான். உன்னில ஒருநாளும் மணக்கேல்லை.