டேங்குக்குச் சந்தனம்

ஆயுத பூசை, வியாழன் இரவு.

பலாபத்வலயில் வேலை முடித்து வந்து பார்த்தால், நான் ஒட்டிச் செய்த குட்டி பிளாஸ்டிக் இராணுவ டேங்க் பளபளவென்று சாமிப் படத்துக்கு முன்னால் நிற்கிறது. பீரங்கியில் குங்குமம், சக்கரங்களில் சந்தனம். நிஜம் போலத் தெரிய மூன்று மாதமாகத் தூரிகையால் ஏற்றிய துருவும் புழுதியும் துளிகூட இல்லை. அழியாமலிருக்க மேலே வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கியாக இருந்தது.

"த்ரீவீலரக் கழுவுனேன். இதுவும் துரு புடிச்சுக் கெடந்துச்சு, சவுக்காரம் போட்டுத் தேய்ச்சேங்க" என்கிறாள் மனைவி, பெருமையாக வேறு.

"துரு புடிக்க அது என்ன இரும்பா?" என்று கத்தினேன்.

"இரும்பு இல்லாட்டி அதுக்கு எதுக்குங்க துரு?"

பாதி எரிச்சல் அந்தக் கேள்வியில்தான்.

மீதி எரிச்சல் இப்போதுதான் வருகிறது. சக்கரத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. மூன்று மாதம் முயன்றும் என் கைக்கு வராத காய்ந்த சேறு, அச்சு அசலாக அதுதான்.