அம்மாவின் பூட்ஸுக்குள் வைத்த அட்டை

எல்தம், நவம்பர் 12

அன்புள்ள பிரைடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நூற்றெண்பது மாடுகளும் இங்கே சுகம், நீ இருக்கும் ஹாலிஃபாக்ஸில் இந்நேரம் பனி விழத் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஆகஸ்டில் நீ ஃபோன் செய்தபோது அம்மா ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டாய், கன்று போடும் காலம், அசதி என்று சொல்லிவிட்டேன். அது பொய் கண்ணு. அன்று காலை பால் கறக்கும் கொட்டகையில் கருவியை மாட்டக் கையைத் தூக்கியவள் இடுப்பு பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே போனேன். "நீ மாட்டைப் பாரு க்ளென், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. எத்தனை நாளாக என்று கேட்டேன். "நாலு வருஷம் இருக்கும்" என்றாள். நாலு வருஷமும் இரண்டு வேளையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். அவர் போகச் சொன்ன பிசியோதெரபிஸ்ட் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்து, சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, ஹாவெராவில் பாதம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். "முதுகு வலிக்குதுன்னு போனா காலப் பாக்குறாங்க, பல்லு வலின்னா முழங்கையப் பாப்பாங்களோ" என்று வழியெல்லாம் கேலி செய்தேன். அந்தப் பெண் அம்மாவின் இடது பாத வளைவு தட்டையாகிவிட்டதைக் காட்டினாள். அடி வைக்கும்போதெல்லாம் பாதம் உள்ளே சாய்கிறது, முழங்காலும் இடுப்பும் கூடவே திரும்புகின்றன, நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் தட்டை பூட்ஸோடு நின்றால் முதுகுதான் சுமக்கும் என்றாள். பாதத்துக்குத் தாங்கல் கொடுத்தால் எல்லா முதுகுவலியும் சரியாகாது, உங்களுக்குச் சரியாகலாம் என்றும் சொன்னாள். பூட்ஸுக்குள் வைக்க, பாதத்துக்கு ஏற்றபடி வளைந்த தாங்கு அட்டை செய்து கொடுத்தாள். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டச் சொன்னாள்.

உன் அம்மா முதல் நாளே ஆறு மணி நேரம் போட்டாள். கெண்டைக்கால் வலியில் அட்டையைக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். எடுத்துக் கழுவி வைத்தேன். மறுபடி எறிந்தாள், மறுபடி கழுவினேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். மாடுகளை விற்க ஆள் பார்த்துவிட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். "மாடு இல்லாம நான் காலைல எதுக்கு எந்திரிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அழுதாள், நானும்தான். இரண்டு மாதம் சொன்னபடி போட்டுப் பார்ப்போம், அப்புறம் முடிவு செய்வோம் என்று ஒத்துக்கொண்டோம்.

நேற்றோடு ஒன்பது வாரம். அட்டையும் போடுகிறாள், பயிற்சியும் செய்கிறாள், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறேன். வலி முழுக்கப் போகவில்லை, மாலையில் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் மாத்திரையைக் குறைத்துவிட்டாள். மாடுகளை வாங்க இருந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ அங்கே மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாய், உன் பாதமும் அவளுடையது போலத்தான், தேய்ந்த செருப்போடு வேலைக்குப் போகாதே. நன்றாயிரு கண்ணு, உன் கை பட்டவர்கள் எல்லாரும் குணமாகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய். முதுகு எப்படி என்று மட்டும் அம்மாவிடம் கேட்காதே, ஒண்ணுமில்ல என்பாள். எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேள். மலை மேல் இருக்கும் நம் வேலி வரைக்கும் போய்வந்ததை அவளே சொல்லட்டும், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அப்பா,
க்ளென்