ஓர் அட்டை எத்தனை நாளைக்கு வரும்?

பாபநாசம்,
மார்கழி 10.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தமிழ்நிலா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ‘எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்’ என்பீர்கள். போன வாரம் அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். எந்த மாத்திரை மாற்றிக் கொடுத்தும் உங்களுக்குச் சர்க்கரை இறங்கவில்லையாம், கண்ணிலும் லேசாகக் கோளாறு தெரிகிறதாம், இனி ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனில் பேச்செடுத்தால் ‘சிக்னல் சரியில்லம்மா’ என்று வைத்துவிடுகிறீர்கள். ஓசூர் முழுக்க வருகிற சிக்னல் உங்கள் ஜெராக்ஸ் கடைக்குள் மட்டும் வராதாக்கும்! அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

பொங்கல் சீர்ப் பணம் நேற்றே வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் சந்தோஷ சமாச்சாரம்.

உங்கள் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது! மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் இப்படி ஒரு நல்ல எண் வந்ததே இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடக் காட்டினார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படி இறங்கியது என்பதுதான் கதை. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. முப்பது வருடமாகப் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிற மனுஷர். அவர் குரலுக்கு ஸ்பீக்கரே தண்டம். கும்பகோணத்தில் டாக்டர் ஹம்சத்வனியிடம்தான் காட்டுகிறோம், சின்ன வயதுப் பெண். ஒவ்வொரு முறையும் இவர் உள்ளே போய் உட்கார்ந்ததும், ‘வெலையப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர், இருக்கறதுலயே ஒசந்ததா எழுதுங்க’ என்பார். வெளியே காத்திருக்கிறவர்களுக்கும் பஞ்சநதம் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டாமா? அந்தப் பெண்ணும் நம்பி உசத்தியாகவே எழுதிக்கொடுக்கும். சர்க்கரை இறங்காது. கூட இன்னொன்றைச் சேர்க்கும். அப்போதும் இறங்காது. நான் வீட்டில் சோற்றைக் குறைத்தேன், காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன், அவர் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று போலீஸ் மாதிரி தேடினேன்.

ஆவணியில் போனபோது டாக்டரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. இப்போது அவர் கம்ப்யூட்டரில் மாத்திரை பெயரைத் தட்டினால், ஒரு மாதத்துக்கு என்ன செலவாகும் என்று பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அதே வேலையைச் செய்கிற வேறு மாத்திரைகளும் விலையோடு கீழே வருகின்றன. வருகிற எல்லாருக்கும், காரில் வந்தாலும் டவுன் பஸ்ஸில் வந்தாலும், திரையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறாராம். இத்தனை நாள் எழுதினேனே தவிர, கடையில் நீங்கள் என்ன கொடுத்து வாங்குகிறீர்கள் என்று எனக்கே தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பேச்சிலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

இவரோ வழக்கம்போல ‘வெலையப் பத்தி யோசிக்காதீங்க’ என்று ஆரம்பித்தார். டாக்டர் மறுத்துப் பேசவில்லை. உங்களால் வாங்க முடியுமா என்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இவர் பந்தலையே பிரித்துப் போட்டிருப்பார். சாதாரணமாக, ஓர் அட்டை உங்களுக்கு எத்தனை நாளைக்கு வருகிறது என்று மட்டும் கேட்டார்.

அண்ணா, ஒரு பொருள் நம்மிடம் எவ்வளவு நாள் உழைக்கிறது என்று யாராவது கேட்டால் போதும், இவருக்குத் தலைகால் புரியாது. சாமியானா துணி பன்னிரண்டு வருடம், ஆம்ப்ளிஃபயர் இருபது வருடம் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவர் அல்லவா! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘பத்து மாத்திரை அட்டைய ஒரு மாசத்துக்கு ஓட்டிப்புடுவேன் டாக்டர்!’ என்றார்.

தினமும் போட வேண்டிய மாத்திரை! பந்தியில் கை நனைக்கிற நாளுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கல்யாணமெல்லாம் மகாலுக்குப் போய்ப் பந்தல் தொழில் படுத்ததிலிருந்து இந்தக் கூத்து. எனக்கும் தெரியாமல்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று அல்லவா நான் மேலே மேலே சேர்த்துக்கொண்டிருந்தேன், மருந்து உள்ளேயே போகவில்லையே என்றார். அதற்குப் பிறகு இவரும் அசடு வழியச் சிரித்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ரொம்ப வருடமாகப் புழக்கத்தில் இருக்கிற பழைய மாத்திரை ஒன்றை எழுதினார். விலையைப் பார்த்ததும் இவருக்குச் சந்தேகம், டூப்ளிகேட்டோ என்று. விலை குறைவு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, என் அப்பாவுக்கும் இதைத்தான் கொடுக்கிறேன் என்றார் டாக்டர். இது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு விலை கூடினதுதான் வேண்டியிருக்கும், அப்போது அதை எப்படி வாங்குவது என்று சேர்ந்து யோசிக்கலாம், ஆனால் மறைத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் தவறாமல் போடுகிறார். இப்போது இவர் அலம்பல் தாங்கவில்லை. ஐயப்ப பூஜைக்கு மைக் கட்டியபோது ‘ஹலோ, செக், செக்’ என்பதற்குப் பதிலாக, ‘ஹலோ, மாத்திரை போட்டாச்சா? டாக்டர்ட்ட வெலைய வெக்கப்படாம கேளுங்க’ என்று குடமுருட்டிக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். குருசாமி முறைத்தார். ஆனால் பூஜை முடிந்ததும் அவரே தனியாக வந்து, அந்த டாக்டரம்மா எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு போனார்.

சம்பா கதிர் தலை சாய்ந்துவிட்டது. அறுவடைக்கு மழை வராமல் இருக்க வேண்டும்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். தீபாவளிக்கு நான் ஓசூர் வந்திருந்தபோது, டிவி பக்கத்தில் உங்கள் மாத்திரை அட்டை இருந்தது. நான் வந்த அன்று இருந்த மாதிரியேதான் ஊருக்குக் கிளம்பிய அன்றும் இருந்தது. வேறு அட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கடையில் கூட்டம் இல்லை என்று அண்ணி சொல்கிறார்கள், சீர்ப் பணமோ போன வருடத்தைவிடக் கூடுதலாக வருகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா?

அந்தப் பணத்தை அண்ணிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே டாக்டரிடம் போய், ஓர் அட்டை உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று நிஜத்தைச் சொல்லுங்கள். இதே வேலையைச் செய்கிற வேறு மாத்திரை குறைந்த விலையில் உண்டா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். சொல்ல வாய் வரவில்லை என்றால் அண்ணியைச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்த பிறகும் ஊசிதான் என்றால், சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். அண்ணன் வந்தால்தான் கரும்பு வெட்டுவேன் என்று உங்கள் மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார். சீர் இல்லாமல் வரச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்குச் சீர் வேண்டும், விடமாட்டேன். ஒரு மஞ்சள் கொத்து, அதோடு ஒரு நாள்கூட விடாமல் நீங்கள் போட்டு முடித்த வெறும் அட்டை ஒன்று. தாம்பாளத்தில் வைத்துக் கொடுங்கள், தெருவே பார்க்க வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குத் தலை நரைத்து, பல் போன பிறகும் அண்ணன் வீட்டுச் சீர் வர வேண்டும் அண்ணா. அதைக் கொண்டுவர நீங்கள் இருக்க வேண்டும்.

வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கும்,
உங்கள் தங்கை
தமிழ்நிலா