தீ தாங்கும் சுவர்

என் வீட்டுக்காரிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாங்கள் ஓட்டலாக மாற்றிக்கொண்டிருக்கும் பழைய மாளிகையின் முன்பாதியைத் திறந்துவிட்டார்கள். அங்கே இருக்கும் தேக்குப் படிக்கட்டு நூறு வருஷப் பழசாம், அதற்கு ஆபத்து வரக் கூடாதாம். அதனால் மாளிகையின் நடுவே தீ தாங்கும் சுவர் ஒன்றை எழுப்பச் சொன்னார்கள். கட்டிய கொத்தனார் நான்தான். பின்பாதி மாடியில் நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருக்கிறோம்.

போன வாரம் எங்கள் அடுப்படியில் வயர் கருகிக் கொஞ்சம் புகை வந்தது. பயப்படாதே, மணலைக் கொட்டி அணைத்துவிட்டோம். எங்களுக்கென்று இருக்கும் இரும்பு ஏணி அடுப்பை ஒட்டித்தான் இறங்குகிறது. அதனால் முதலில், சுவர் எழும்பும்வரை இறங்கிய பழக்க தோஷத்தில், எல்லோரும் தேக்குப் படிக்கட்டுப் பக்கம் ஓடினோம். அங்கே என் சுவர் நின்றது.

"இவ்ளோ நல்லா ஏன்யா கட்டித் தொலைச்ச?" என்று தச்சர் இருமிக்கொண்டே கேட்டார்.

காலையில் மேனேஜர் வந்து என் தோளில் தட்டினார். "அந்தப் பக்கம் ஒரு பொட்டுப் புகை வரலப்பா. பிரமாதம்!"

யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றக் கட்டினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். லீவில் வந்திருக்கும் பெயின்டரிடம் உன் பழைய நூல் சேலை இரண்டு கொடுத்தனுப்பு. துவைக்காமல் கொடு. போர்த்திக்கொள்ளக் கேட்டேன் என்று அம்மாவிடம் சொல். கெட்டியானதாகப் பார்த்து எடு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் மாடி ஜன்னலிலிருந்து தரை எட்டும்.