மோவாயில் மூன்று முடி

மார்ச் 4

இன்று எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். அளவெடுத்துச் செய்து வைத்திருந்ததை மாட்டிவிட்டு அட்டையை நீட்டினேன். பெரிய எழுத்திலிருந்து கடைசிப் பொடி எழுத்துவரை பிசகாமல் படித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காதுப்பக்கம் சரிசெய்ய நான் குனிந்ததும், "இப்ப எல்லாமே பளிச்சுன்னு தெரியுதும்மா. உங்க தாடையில மூணு முடி இருக்கு" என்றார். விடைத்தாளில் பிழை காட்டுவது போல. பகையே இல்லாமல்.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறேன். பார்வை வந்தவர்கள் முதலில் பார்ப்பது என் மோவாயை. நல்ல பிழைப்பு!

மார்ச் 5

மூன்று இல்லை. ஏழு. அதில் இரண்டு வெள்ளை. மேலுதடு தனி.

மார்ச் 8

அன்றே பிடுங்கினேன். ஓரிடத்தில் கொப்புளம், அது ஆறிக் கறுப்புப் புள்ளி. முடியே தேவலாம் போலிருக்கிறது.

அக்கா வந்திருந்தாள். கேட்காமலே வைத்தியம் சொல்கிறவள், கேட்டால் விடுவாளா? "வீட்டுலயே பண்ற மெஷின் இருக்குடி. பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்கும், டிவி பாத்துக்கிட்டே முடிச்சிடலாம். என் காலைப் பாரு!" பார்த்தேன். பளிங்கு மாதிரிதான் இருந்தது. தோல் டாக்டரிடம் போகலாமா என்றதற்கு, "வரிசையில உக்காந்து ஊருக்கே மீசையைக் காட்டப் போறியா?" என்றாள். அந்த வரிசையை நினைத்ததுமே மெஷினுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

மோசமான நாள். போன வாரம் கண்ணாடி வாங்கிய பெண் திரும்பி வந்தாள். போட்டாலே தலைவலி, தரை சரிகிறது என்கிறாள். முதலாளி எடுத்து அளந்து பார்த்தார். இரண்டு கருவிழிக்கும் இடையிலான தூரத்தை நான் தப்பாக எழுதியிருக்கிறேன்.

எப்படி என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு முகம் நேராக வைத்து ஸ்கேல் பிடிக்க வேண்டிய வேலை. மோவாயைத் தோளுக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று அளந்தேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

"உங்க கையால போன கண்ணாடி இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லையேம்மா," என்றார் முதலாளி. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இன்னொண்ணு இப்படி வந்தா அளவெடுக்க வேற ஆளைப் போட்டுட்டு உங்களை பில் மேஜையில உக்கார வைக்கணும்."

பில் மேஜையா? நானா? எத்தனை வருஷமா இந்தக் கை அளந்துக்கிட்டிருக்கு — ஏழு முடிக்காகவா இதை விடணும்? அழுகை அழுகையா வருது.

மார்ச் 16

மெஷின் வந்தது. மோவாயில் வைத்தேன். சிவப்பு விளக்கு மினுக்குகிறது, வெளிச்சம் வரவில்லை. கையில், காலில், கழுத்தில் — சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பழுது என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் முன்கையில் வைத்தால் பளிச்!

குறிப்பைப் படித்தேன். கறுத்த தோலில் அது வேலை செய்யாதாம். அக்கா சிவப்பு, இவர் மாநிறம், நான் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்களோடு அந்தப் பேச்சு ஒழிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது ஒரு மெஷின் நிறம் பார்க்கிறது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

என்னைச் சிரிக்கவைக்க இவர் மீசையின் இடது முனையை நீட்டினார். "இதுல அடிச்சுப் பாரு. என் மீசை வைரம் பாஞ்ச கட்டை." கண்ணுக்கு மேல் கறுப்புத் துணியை மடித்துக் கட்டிவிட்டு — அதில் மட்டும் நான் தவறமாட்டேன் — நாலு தடவை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று முறுக்கிக்கொண்டார்.

மார்ச் 28

ஆகிவிட்டது. முகம் துடைக்கும்போது இடது முனை துண்டோடு வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்!

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். மிச்சத்தையும் இவரே வழித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேலுதட்டை நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 30

தோல் டாக்டரிடம் போனேன். வரிசையில் ஒரு கல்லூரிப் பெண், ஒரு போலீஸ்காரம்மா, பேரன் பேத்தி எடுத்த வயதில் ஒருவர். ஊரே உட்கார்ந்திருந்தது, எல்லாருக்கும் அவரவர் மோவாய்தான் கவலை.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அந்த மெஷின் ஓடாததே நல்லதுங்க. ஓடியிருந்தா தோல் சுட்டிருக்கும். உங்க நிறத்துக்குன்னே வேற லேசர் இருக்கு. கறுப்பு முடிக்கு அது. வெள்ளை முடி லேசருக்கு மசியாது, ஊசி வச்சு ஒண்ணொண்ணா எடுக்கணும். பல தடவை வரணும். சுத்தமா போயிடும்னு சொல்லமாட்டேன், நல்லா குறையும்." ஹார்மோன் பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

"அதுவரைக்கும்?"

"பிடுங்காதீங்க. வேர் இருந்தாத்தான் லேசருக்கு வேலை. ஷேவ் பண்ணிக்குங்க."

ஷேவா! தடித்து வளராதா? "அப்படிச் சொல்றவங்களை என்கிட்ட அனுப்புங்க," என்றார்.

எனக்கு அதைச் சொன்ன அக்காவையே அனுப்பலாம்.

ஏப்ரல் 2

கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நின்றோம். இவர் வாத்தியார், நான் மாணவி. "வாயை ஒரு பக்கமா இழு. அழுத்தாதே. முடி எங்கயும் ஓடிடாது." பிறகு தன் மொட்டை உதட்டைத் தடவிக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு மீசை போதும்னு நினைச்சேன். இப்ப அதுவும் உன்கிட்டதான் இருக்கு" என்றார். துண்டால் ஓர் அடி கொடுத்தேன்.

ஏப்ரல் 7

முதல் லேசர். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டின மாதிரி வலி. ரத்தத்தில் கோளாறு ஏதும் இல்லை. மெஷினை அக்காவின் பெண் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 25

எந்தக் கண்ணாடியும் திரும்பி வரவில்லை. ஆனாலும் காலையில் ஷேவ் செய்து, கடையில் இரண்டு முறை தடவிப் பார்த்த பிறகுதான் ஸ்கேலை எடுக்கிறேன். இது எப்போது ஒழியும்?

ஜூலை 11

இன்று ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். விபத்தில் மூக்கு ஒரு பக்கம் கோணியிருக்கிறது. மூக்கிலிருந்து இரண்டு கண்ணுக்கும் தூரம் ஒன்றாக இல்லை. வேறு இரண்டு கடைகளில் செய்த கண்ணாடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஒன்றும் சரியில்லையாம். ஒவ்வொரு கண்ணாகத் தனித்தனியே அளந்தேன். அவர் மூச்சு என் முகத்தில் படுகிற தூரம். மறுபடி முதலிலிருந்து. எனக்குத் திருப்தியான பிறகுதான் எழுதினேன். அவசரம் என்றதால் சாயங்காலமே செய்து மாட்டிவிட்டோம். படியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தார். "தரை தரையா இருக்கும்மா," என்றார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "பில் மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

சந்தோஷம் தாங்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். என்ன எழுதலாம் என்று மோவாயில் கை வைத்தால் சொரசொரக்கிறது. காலையில் அவசரத்தில் ஷேவ் செய்யாமலே போயிருக்கிறேன்.